சனிக்கிழமை உருகும் பெட்டி

காலை எட்டு மணிக்கே வெயில் ஏறிவிட்டது. யாழ்ப்பாணத்தின் ஒரேயொரு தனியார் துப்பறிவாளரான கனகலிங்கம், கறுப்புக் கோட்டும் விரித்த குடையுமாகச் சைக்கிளில் நல்லூருக்குப் போய்க்கொண்டிருந்தார். சைக்கிளில் போனார் என்பது அவர் பிறகு தன் குறிப்புப் புத்தகத்தில் எழுதியது. மிதித்தவன் லியோன். அவர் பின் கரியரில் இரண்டு பக்கமும் கால் தொங்க உட்கார்ந்திருந்தார்.

"அண்ணை, குடையை மடக்குங்கோ. காத்துப் பிடிக்குது. சைக்கிள் ஓடுறனோ பாய்க்கப்பல் ஓடுறனோ எண்டு எனக்கே விளங்கேல்லை."

"குடை இல்லாமல் போனால் ஒரு துப்பறிவாளனை ஆர் மதிப்பான்?"

"குடையோடை போய் இதுவரைக்கும் ஆர் மதிச்சவன்?"

கனகலிங்கம் குடையை இன்னும் உயர்த்திப் பிடித்தார். அவர் இருபது வருஷம் கோட்டில், அதாவது நீதிமன்றத்தில், மொழிபெயர்ப்பாளராக நின்றவர். இரண்டு தரப்புப் பொய்களையும் தமிழிலிருந்து இங்கிலீசுக்கு ஏற்றி இறக்கி அலுத்துப்போய், ஒருநாள் வேலையை விட்டுவிட்டு, 'பொய் கண்டுபிடித்துத் தரப்படும்' என்று பலகை எழுதி வாசலில் மாட்டினார். முதல் ஆறு மாதமும் வந்தவர்கள் எல்லாரும் நல்ல பொய்யாக ஒன்று செய்து தரும்படி கேட்டு வந்தவர்கள். லியோன் பாஷையூர்க்காரன், முப்பத்திரண்டு வயது, சைக்கிள் திருத்துகிறவன். எந்த யந்திரத்தையும் கழற்றிப் பூட்டுவான். பூட்டி முடிந்ததும் இரண்டு ஆணி மிஞ்சும். அந்த இரண்டும் ஆதியிலிருந்தே தேவையில்லாதவை என்று நிரூபிக்கவும் செய்வான்.

இருவரையும் அழைத்திருந்தவர் மலாயாப் பென்சனியர் பஞ்சலிங்கத்தார். ஈப்போவில் முப்பது வருஷம் றெயில்வேக் கிளாக்கராக இருந்துவிட்டு, பென்சனோடும் ஒரு பிரம்புத் தொப்பியோடும் ஊர் திரும்பியவர். போன வருஷம் மண்ணெண்ணெயில் வேலை செய்யும் ஒரு குளிர்ப்பெட்டியைக் கப்பலில் வரவழைத்து நல்லூரையே விறைக்க வைத்தவர். அந்தப் பெட்டிக்குத்தான் இப்போது வருத்தம். ஒரு வருஷமாக ஒழுங்காக ஐஸ் கட்டிய பெட்டி, கடைசி இரண்டு சனிக்கிழமைகளிலும் காரணமில்லாமல் உருகிப்போனது. யாரோ சதி செய்கிறார்கள் என்று கடிதத்தில் நாலு இடத்தில் கோடிட்டு எழுதியிருந்தார்.

இன்று மூன்றாவது சனிக்கிழமை.

வீட்டுப் படலையடியில் ஒரு தகரப் பெட்டி இருந்தது. அதன்மேல் ஒரு துணிமூட்டை. அதன்மேல் ஒரு அம்மாள்.

"ஆரைத் தேடி வாறியள்?"

"பென்சனியர் ஐயாவை. நீங்கள்?" என்றார் கனகலிங்கம்.

"நான் சின்னாச்சி. உங்கை சமைக்கிறனான். நாலு மணி வரைக்கும்."

"நாலு மணிக்குப் பிறகு?"

"அது உந்தப் பெட்டி சொல்லும்." அவள் தலையால் வீட்டுப் பக்கம் காட்டினாள். "நாலு மணிக்கு வாசிகசாலை ஆக்கள் முப்பது பேர் ஐஸ் பார்க்க வருகினம். ஐஸ் கட்டியிருந்தால் நான் இருக்கலாமாம். இல்லாட்டில் உடனை புத்தூருக்கு நடக்கவேணுமாம். ஐஞ்சு வருஷம் சமைச்சுப் போட்டனான் மோனை. இண்டைக்குப் போய்த் தங்கச்சியின்ரை படலையைத் தட்டி, பெட்டியை உருக்கினதெண்டு என்னைக் கலைச்சுப்போட்டினம் எண்டு சொன்னால், அவளுக்கு அது என்ன குற்றமெண்டே விளங்காது. ஏதோ சொல்ல வெக்கப்படுற குற்றமெண்டு நினைப்பாள்."

"நீங்கள் உருக்கினனீங்களோ, அக்கா?" என்றான் லியோன்.

"கதவைத் திறந்துபோட்டு அதுக்குள்ளை தலையை வைச்சு நித்திரை கொள்ளுறனாம். ஐயா சொல்லுறார்." சின்னாச்சி எழுந்தாள். "பொறுங்கோ, சாம்பாறு கொதிக்குது. கொதிக்கிற நேரம் உள்ளை நிப்பன், மற்ற நேரம் இதிலை இருப்பன்."

பஞ்சலிங்கத்தார் கூடத்தில் காத்துக்கொண்டிருந்தார். வெள்ளைக் காற்சட்டை, வெள்ளைச் சப்பாத்து. தலை உச்சி வெறுமை. இரண்டு காதுக்கு மேலும் ஒரு சிறு பற்றை மட்டும் ஞாபகத்துக்கு விட்டு வைத்தது போல் இருந்தது. கூடத்தின் நடுவில், தேக்கு மேடைமேல், சரிகைக் குஞ்சம் வைத்த பட்டுப் போர்வையோடு குளிர்ப்பெட்டி நின்றது. லியோன் தன்னை அறியாமல் சிலுவை போட்டுக்கொண்டான்.

சுவரில் ஒரு அச்சடித்த நோட்டீஸ் ஒட்டியிருந்தது. 'மூடநம்பிக்கையின் முடிவு. சொற்பொழிவாளர்: திரு. பஞ்சலிங்கம் அவர்கள். நெருப்பிலிருந்து பனிக்கட்டி உண்டாதல் கண்முன் காட்டப்படும். தலைமை: பிரக்கிராசி செல்வநாயகம் அவர்கள்.'

"கோட்டிலை வழக்குப் பேசுற பிரக்கிராசியாரும் ஒரு பெட்டி வைச்சிருக்கிறாரெல்லே?" என்றார் கனகலிங்கம்.

"எனக்குப் பிறகு வாங்கினவர்," என்றார் பஞ்சலிங்கத்தார். "என்ரை பெட்டி ஐஞ்சடி எண்டு கேள்விப்பட்டு ஐஞ்சரை அடியிலை எடுப்பிச்சவர். மனுசருக்குத் தான் பெரியாள் எண்ட எண்ணம். சரி, வேலையைப் பாரும். இந்த ஊர் இன்னும் பூனை குறுக்கை போனால் திரும்பி வீட்டுக்குப் போற ஊர், மிஸ்டர் கனகலிங்கம். நல்ல நாள், ராகுகாலம், சனி, செவ்வாய். என்ரை மனுசி இண்டைக்கும் விடிய எழும்பிக் கோயிலுக்குப் போட்டா. நான் மறிக்கேல்லை. ஆனால் இந்தப் பெட்டிக்கு முன்னாலை நிண்டு நான் கேட்கப்போறன்: உங்கடை எந்தக் கிரகம் ஐஸ் கட்டும்?"

"உது எப்பிடி ஐயா ஐஸ் கட்டுது?" என்றான் லியோன்.

பஞ்சலிங்கத்தார் இந்தக் கேள்விக்காகவே பிறந்தவர்போல் மலர்ந்தார். போர்வையை விலக்கினார். பெட்டியின் அடியில் ஒரு தாங்கி, தாங்கியில் மண்ணெண்ணெய், அதன்மேல் வட்டத் திரி, திரியில் ஒரு சுடர். சுடரைக் குனியாமல் பார்க்க ஒரு சின்னக் கண்ணாடி சரித்துப் பொருத்தியிருந்தது. பக்கத்தில் ஒரு பித்தளைத் திருகாணி.

"இதுதான் குளிருக்குக் கடிவாளம். இப்பிடித் திருகினால் திரி உயரும், சுடர் கூடும், குளிர் கூடும். அப்பிடித் திருகினால் சுடர் குறையும், பெட்டி சூடாகும்."

லியோன் ஒரு தரம் பெட்டியையும் ஒரு தரம் அவரையும் பார்த்தான். "கூட எரிச்சால் கூடக் குளிருமோ?"

"ஓம்."

"அண்ணை, எங்கடை சுவாமியார் நரகத்தைப் பற்றிச் சொன்னதெல்லாம் திரும்ப யோசிக்கவேண்டிக் கிடக்கு."

கனகலிங்கம் பூதக்கண்ணாடியை எடுத்தார். தூரப்பார்வை மட்டும் உள்ளவரானபடியால் அது இல்லாமல் அவருக்குத் தடயம் மட்டுமல்ல, தடயம் கிடக்கும் மேசையும் தெரியாது. "திருகாணியைச் சுற்றி என்ன சிவப்பாக் கிடக்கு?"

"அரக்கு. நேற்றுப் பின்னேரம் திருகாணியை முழுக் குளிருக்கு வைச்சு, நூல் கட்டி, அரக்கு உருக்கி, என்ரை மோதிரத்தாலை முத்திரை குத்தினனான். சின்னாச்சியின்ரை கை போனால் முத்திரை உடையும். பிடிச்சுப்போடலாம்."

முத்திரை உடையவில்லை. மயிரிழை வெடிப்புக்கூட இல்லை. ஆனால் கண்ணாடியில் தெரிந்த சுடர், முழு உயரத்தில் நீலமாக நிற்கவேண்டியது, மஞ்சளாகச் சுருங்கி, வீட்டுக்கு வந்த கடன்காரனைப் பார்த்த மனிதன் போல் ஒடுங்கிக்கொண்டிருந்தது. உள்ளே, ஐஸ்தட்டுக்குக் கீழே தொங்கிய பாரன்ஹைட் வெப்பமானி நாற்பதில் நிற்கவேண்டிய இடத்தில் ஐம்பத்தாறு காட்டியது.

"நேற்று இரவு எவ்வளவு காட்டினது?"

"முப்பத்தெட்டு. தட்டு நிறைய ஐஸ். இண்டைக்கு ஆறரைக்குப் பிறகுதான் சூடு ஏறத் தொடங்கினது. போன சனியும் அப்பிடித்தான். ஞாயிற்றுக்கிழமை தாங்கியை நானே கழுவி, புதுத் திரி போட்டு, புது எண்ணெய் விட்டால் திங்கள் கட்டிப்போடும். சனி வந்தால் திரும்ப உருகும்."

"கழுவுறது நீங்களே?"

"தாங்கியை என்னைத் தவிர ஒருதரும் தொடக்கூடாது. அது சட்டம்."

கனகலிங்கம் குறிப்புப் புத்தகத்தில் ஏதோ எழுதினார். லியோன் எட்டிப் பார்த்தான். 'சட்டம்' என்று மட்டும் எழுதியிருந்தது.

வேலை தொடங்கியது. இப்படிப்பட்ட பெட்டி கொஞ்சம் சரிந்து நின்றாலும் உள்ளே ஓடும் சாறு ஓடாது என்று பஞ்சலிங்கத்தார் ஒரு சின்னப் புத்தகத்தைத் திறந்து வாசித்துக் காட்டினார். லியோன் பொக்கற்றிலிருந்து ஒரு சோடாப் போத்தல் கண்ணாடிக் குண்டை எடுத்துப் பெட்டியின் தலையில் வைத்தான். குண்டு அசையவில்லை. நாலு மூலையிலும் வைத்தான். நாலிலும் நித்திரை கொண்டது.

"பெட்டி நேர்," என்றான். "இந்த வீட்டிலை நேரா நிக்கிறது இதொண்டுதான் போலை."

அடுத்தது கதவு. சுவரில் ஒட்டியது போக மிஞ்சிய நோட்டீசில் ஒன்றை நாடாவாகக் கிழித்து, கதவிடுக்கில் வைத்து மூடி, இழுத்தான். வரவில்லை. மேலே, கீழே, பக்கத்தில், எங்கே வைத்தாலும் றப்பர் கடதாசியைக் கடித்துப் பிடித்தது. கடைசியில் 'மூடநம்பிக்கையின்' என்ற பாதி கிழிந்து லியோன் கையோடு வந்தது, 'முடிவு' உள்ளேயே நின்றது.

"கதவிலை ஓட்டை இல்லை," என்றார் கனகலிங்கம்.

"ஓட்டை இல்லாட்டில் என்ன, திறந்து வைச்சிருப்பாள்."

"அப்பிடியெண்டால் கதவு திறந்துதான் சூடாகும். சுடர் ஏன் ஐயா சுருங்குது? கதவைத் திறந்தால் அடுப்பு அணையிறதில்லையே."

பஞ்சலிங்கத்தார் யன்னலுக்கு வெளியே மதில் பக்கம் கையைக் காட்டினார். "அப்ப உவன்தான்."

மதிலுக்கு மேலே ஒரு தலை இருந்தது. பக்கத்து வீட்டு முத்துக்குமாரு. எவ்வளவு நேரமாக அங்கே இருந்தது என்று தலைக்கே தெரியாது போலிருந்தது.

"காலமை வணக்கம். இண்டைக்கும் உருகிப்போச்சோ?" என்றது தலை.

"பாத்தீரோ? சிரிக்கிறான். மதிலாலை குதிச்சு வந்து எண்ணெய்க்குள்ளை தண்ணி விடுறவன் உவன்தான்."

"நானோ?" முத்துக்குமாருவின் முகம் உண்மையாகவே நொந்தது. "பஞ்சலிங்கம் அண்ணை, ஒவ்வொரு நாளும் பத்து மணிக்கு உங்கடை வீட்டிலை ஐஸ்தண்ணி குடிக்கிறது ஆர்? நான். மலாயாவிலை நீங்கள் புலியை வெறுங்கையாலை கலைச்ச கதையை இருபது தரம் கேட்டது ஆர்? நான். எதுக்கு? அந்த ஒரு பேணித் தண்ணிக்கு. பெட்டி உருகினால் எனக்குத் தண்ணி இல்லை, ஆனால் புலி மட்டும் வரும்."

லியோன் கனகலிங்கத்தின் காதுக்குள் சொன்னான். "உவரை விடுங்கோ அண்ணை. உவர் ஏற்கனவே தண்டனை அனுபவிச்சுக்கொண்டிருக்கிறார்."

கனகலிங்கம் தாங்கியிலிருந்து கொஞ்சம் எண்ணெய் வேண்டும் என்றார். பஞ்சலிங்கத்தார் தாங்கிக்கும் லியோனுக்கும் நடுவில் வந்து நின்றார். சட்டம் சட்டம்தானே என்றார். தானே குனிந்து, முதுகைக் காட்டிக்கொண்டு, நீண்ட நேரம் ஏதோ செய்து, ஒரு சின்னப் போத்தலில் கொஞ்சம் கொண்டுவந்து கொடுத்தார். லியோன் அதை வெளிச்சத்தில் பிடித்தான். தண்ணீர் கலந்திருந்தால் அடியில் வேறாக நிற்கும். நிற்கவில்லை. ஆனால் எண்ணெய் தேன் நிறமாக இருந்தது.

அவன் கிழிந்த நோட்டீசில் இரண்டு சொட்டு வைத்தான். குசினி விளக்கிலிருந்து நல்ல மண்ணெண்ணெயாகப் பார்த்து ஒரு சொட்டு, தாங்கி எண்ணெயில் ஒரு சொட்டு. இரண்டையும் யன்னல் ஓரத்து வெயிலில் வைத்தான். சின்னாச்சி கோப்பி கொண்டுவந்தாள். மூவரும் குடித்து முடிப்பதற்குள் முதல் சொட்டு இருந்த இடம் தெரியாமல் காய்ந்துபோனது. இரண்டாவது சொட்டு, சொற்பொழிவாளர் பஞ்சலிங்கம் அவர்கள் என்ற வரியின்மேல், கண்ணாடிபோல் தெளிந்து பெரிதாகிப் படர்ந்து நின்றது.

"மண்ணெண்ணெய் பறக்கும். உது பறக்கேல்லை. உது சாப்பிடுற எண்ணெய்," என்றான் லியோன். "அதுதான் திரியிலை பிசினாப் பிடிச்சுச் சுடரை நெரிக்குது."

கனகலிங்கம் எழுந்து கோட்டை இழுத்துவிட்டார். அவருடைய குரல் கோட்டுக் குரலாக மாறியது. "கண்டுபிடிச்சுப்போட்டன். குற்றவாளி மண்ணெண்ணெய்க் கடைக்காரன். கலப்படம்."

"அதுதான், அதுதான்," என்று பஞ்சலிங்கத்தார் அவசரமாகத் தலையாட்டினார். "நானும் நினைச்சனான். கடைக்காரன்தான். வழக்கை முடிச்சுப்போடுவம்."

லியோன் கோப்பிப் பேணியை வைத்தான். "அண்ணை, இது என்ன எண்ணெய் எண்டு மணந்து பாருங்கோ."

மணந்தார். நல்லெண்ணெய்.

"நல்லெண்ணெய் போத்தல் என்ன விலை, மண்ணெண்ணெய் போத்தல் என்ன விலை? பாலுக்குள்ளை தண்ணி விடுற கள்ளன் இருக்கிறான். தண்ணிக்குள்ளை பால் விடுற கள்ளனை எங்கையேன் கண்டனீங்களோ? மலிஞ்ச எண்ணெய்க்குள்ளை விலை கூடின எண்ணெயை விட்டவன் லாபத்தைக் கடையிலை தேடேல்லை. வேறை எங்கையோ தேடுறான்."

கனகலிங்கம் மெதுவாக உட்கார்ந்தார். தன் உதவியாளன் புத்திசாலித்தனமாகப் பேசும்போதெல்லாம் அவர் அதைத் தானே சொன்னதுபோல் ஒரு முகம் வைத்துக்கொள்வார். இப்போது அந்த முகம் வந்தது.

"அதைத்தான் நானும் சொல்ல வந்தனான்," என்றார். "குசினிக்குப் போவம்."

குசினியில் சின்னாச்சி சோறு வடித்துக்கொண்டிருந்தாள். நல்லெண்ணெய்ப் போத்தலைக் கேட்டதும் எடுத்துக் காட்டினாள். முக்காலே இருந்தது.

"ஆர் எடுத்தது அக்கா?"

"ஐயா. ஒவ்வொரு சனியும் கால் போத்தல் எடுப்பார். முழுக்குக்கு. தலைக்கு வைக்கிறதெண்டு."

லியோனும் கனகலிங்கமும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள்.

"எந்தத் தலைக்கு?" என்றான் லியோன்.

சின்னாச்சி அகப்பையைக் கீழே வைத்தாள். "நான் ஒண்டும் சொல்லமாட்டன் தம்பி. என்னைக் கேளாதையுங்கோ."

"நாலு மணிக்குத் தகரப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போகப்போறியள். தெரிஞ்சதைச் சொன்னால் என்ன?"

"சொல்லக்கூடாது. அது என்ரை விஷயமில்லை. இன்னொராளின்ரை விஷயம். ஒருதர் மனசுக்குள்ளை வைச்சுச் செய்யிறதை மற்றவை வாயாலை சொன்னால் அது பலியாது. நான் புத்தூருக்குப் போனாலும் போவன்."

அந்த நேரம் பார்த்துக் குசினி யன்னலில் ஒரு காகம் வந்து குந்தியது. பிறகு இன்னொன்று. இரண்டும் உள்ளே தலையை நீட்டி, சோற்றுப் பானையைப் பார்க்காமல், கூடத்துப் பக்கத்தையே பார்த்துக் கரைந்தன.

"இதுகள் எப்பவும் வாறதோ?" என்றார் கனகலிங்கம்.

"மற்ற நாளிலை வராதுகள். சனிக்கிழமை மட்டும்," என்றாள் சின்னாச்சி. சொன்ன பிறகுதான் சொல்லியிருக்கக் கூடாது என்று நினைத்தாள் போலும், அகப்பையால் அவற்றை விரட்டினாள். காகங்கள் போகவில்லை. வழக்கமாகக் கிடைக்கிற ஏதோ இன்று கிடைக்காத கோபத்தில் நின்றன.

கனகலிங்கத்தின் கண்ணில் ஒரு வெளிச்சம் வந்தது. இது பூதக்கண்ணாடி இல்லாத வெளிச்சம்.

"லியோன், இது என்ன மாதம்?"

"ஒக்டோபர்."

"உன்ரை கலண்டரிலை. எங்கடையிலை?"

"எனக்கு எப்பிடித் தெரியும்?"

"புரட்டாதி. புரட்டாதிச் சனி. சனி தோசம் பிடிச்சவை என்ன செய்வினம் தெரியுமோ? கோயிலுக்குப் போய், கறுப்புத் துணியிலை எள்ளை முடிஞ்சு, நல்லெண்ணெயிலை தோய்ச்சு, சனீஸ்வரனுக்கு விளக்காக் கொளுத்துவினம். வீட்டுக்கு வந்து, சாப்பிட முன்னம் காகத்துக்குச் சோறு வைப்பினம். காகம் அவரின்ரை வாகனம். இருபது வருஷம் நான் கோட்டிலை பாத்தனான் லியோன், ஒவ்வொரு கிழமையும் ஒரே நாளிலை ஒரே வாசலிலை வந்து நிக்கிற சாட்சி பொய் சொல்லாது. வா."

கூடத்தில் பஞ்சலிங்கத்தார் சொற்பொழிவை ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தார். 'கிரகங்கள் வானத்தில் சுழலும் வெறும் பாறைகள்' என்ற இடத்தில் நின்றார்.

"ஐயா, கொஞ்சம் தலையைக் குனியுங்கோ," என்றார் கனகலிங்கம்.

"ஏன்?"

"ஒரு பரிசோதனை. விஞ்ஞானம்."

விஞ்ஞானம் என்றதும் அவர் குனிந்தார். கனகலிங்கம் ஒரு விரலால் அந்த மொட்டையைத் தொட்டுப் பார்த்தார். கடதாசியில் துடைத்தார். கடதாசி காய்ந்து வெள்ளையாக இருந்தது. "விடிய கால் போத்தல் எண்ணெய் வைச்ச தலை. ஒரு சொட்டும் இல்லை. லியோன், தாங்கி."

"தாங்கியை ஒருதரும் தொடக்கூடாது," என்று கத்த முயன்ற பஞ்சலிங்கத்தாருக்குச் சத்தம் பாதிதான் வந்தது.

லியோன் தாங்கி மூடியைத் திருகித் தூக்கினான். மூடியின் உட்பக்கத்தில் ஒரு கறுப்பு நூல் கட்டியிருந்தது. நூலை இழுத்தான். எண்ணெய்க்குள்ளிருந்து, மண்ணெண்ணெயும் நல்லெண்ணெயும் சொட்டச் சொட்ட, ஒரு சின்னக் கறுப்புத் துணிப் பொட்டணி மேலே வந்தது. அவிழ்த்தான். எள்ளு.

குசினிப் பக்கம் காகம் கரைந்தது.

பஞ்சலிங்கத்தார் கதிரையில் உட்கார்ந்தார். வெள்ளைக் காற்சட்டை மடிந்து, பிரம்புத் தொப்பி கையில் தொங்க, ஈப்போவே அவரிலிருந்து கழன்று விழுந்ததுபோல் இருந்தது.

"ஏழரைச் சனி," என்றார். குரல் வெளியில் கேட்காதபடிக்கு. "சாத்திரியார் சொன்னவர், மூண்டு சனிக்கிழமை எள்ளு எரிக்காட்டில் கௌரவத்துக்குப் பங்கம் எண்டு. நான் கோயிலடியிலை போய் எள்ளுச் சட்டி கொளுத்தினால் முப்பது பேர் பார்ப்பினம். வீட்டிலை கொளுத்தினால் மனுசி பார்ப்பா, ஊருக்குச் சொல்லுவா. இது ஒண்டுதான் அணையாமல் எரியிற விளக்கு. விளக்கு விளக்குத்தானே எண்டு நினைச்சன். ரெண்டு எண்ணெயும் எரியிற எண்ணெய்தானே. இதாலைதான் உருகுதெண்டு, சத்தியமா, எனக்குத் தெரியாது."

"அதுக்குச் சின்னாச்சியை ஏன் பிடிச்சனீங்கள்?" என்றார் கனகலிங்கம்.

"ஆரையேன் பிடிக்கத்தானே வேணும்."

லியோன் சிரிக்கவில்லை. அவன் சிரிக்காமல் விட்டது அன்றைக்கு அதுதான் முதல் தரம். "ஐயா, அவவுக்கு இது முழுக்கத் தெரியும். உங்களைக் கண்டிருக்கிறா. சொல்லியிருந்தால் காலமையே மூட்டையை அவிழ்த்துப்போட்டு நிம்மதியா இருந்திருக்கலாம். உங்கடை நேர்த்தி பலியாமல் போகுமெண்டு வாயைத் திறக்கேல்லை. சாமானைக் கட்டி வைச்சுப்போட்டு உங்களுக்குச் சாம்பாறு வைக்கிறா."

பஞ்சலிங்கத்தார் குசினிப் பக்கம் பார்த்தார். நீண்ட நேரம் பார்த்தார்.

"நீர் இதை வெளியிலை சொல்லப்போறீரோ?" என்றார் கனகலிங்கத்திடம்.

"பொய் கண்டுபிடிச்சுத் தருவன். அதை என்ன செய்யிறதெண்டு சொல்லித் தாறேல்லை. ஆனால் ஒண்டு. நாலு மணிக்கு, முப்பது பேருக்கு முன்னாலை, பெட்டி உருகினது சின்னாச்சியாலை இல்லை, என்னாலை எண்டு நீங்கள் உங்கடை வாயாலை சொல்லவேணும். எப்பிடிச் சொல்லுறது எண்டது உங்கடை பாடு."

அப்போது மணி பத்தேகால். லியோன் தாங்கியைக் கவிழ்த்து, மண்ணெண்ணெயால் இரண்டு தரம் அலசினான். பிசின் பிடித்த திரியைக் கழற்றி எறிந்துவிட்டு மேசை லாச்சியில் இருந்த புதுத் திரியைப் போட்டான். புகைக்குழாயின் கரியைத் தும்புத்தடியால் இடித்து இறக்கினான். அரக்கை உடைத்துத் திருகாணியைப் புதுத் திரிக்கு ஏற்பத் திருகினான். கண்ணாடியில் சுடர் நீலமாக நிமிர்ந்தது. ஒரு ஆணி மிஞ்சியது. அதைப் பொக்கற்றுக்குள் போட்டான்.

"நாலு மணிக்குள்ளை கட்டுமோ?" என்றாள் சின்னாச்சி, வாசலில் நின்று.

"ஒரு தட்டிலை மட்டும் மெல்லிசாத் தண்ணி விடுங்கோ அக்கா. விரல் தடிப்புக்கு மேலை வேண்டாம். மிச்சத்தை நாங்கள் மூண்டு பேரும் ஆளுக்கொரு தெய்வமாக் கும்பிடுவம்."

ஒரு மணிக்கு வெப்பமானி ஐம்பது காட்டியது. இரண்டு மணிக்கு நாற்பத்தைந்து. மூன்று மணிக்கு நாற்பத்திரண்டு. கதவைத் திறந்தால் குளிர் போய்விடும் என்று லியோன் சொன்னதால், மணிக்கு ஒரு தரம் வெப்பமானி பார்ப்பதைத் தவிர ஒருவரும் திறக்காமல், நாலு பேரும் பெட்டியைச் சுற்றி நின்று அதன் வெளிப்பக்கத்தையே பார்த்தார்கள். மதிலுக்கு மேலே முத்துக்குமாருவின் தலையும் பார்த்தது. முழுகப் போகிற நேரத்தைக்கூட அது தள்ளிப்போட்டிருந்தது.

நாலு மணிக்கு வாசிகசாலை வந்தது. பிரக்கிராசி செல்வநாயகம் சால்வையை ஒழுங்கு செய்துகொண்டு தலைமைக் கதிரையில் அமர்ந்தார். பஞ்சலிங்கத்தார் எழுந்தார். 'கிரகங்கள் வானத்தில் சுழலும்' என்று தொடங்கினார். யன்னலில் காகம் கரைந்தது. நிறுத்தினார். 'வெறும் பாறைகள்' என்றார். இரண்டும் சேர்ந்து கரைந்தன. பின்வரிசையில் யாரோ தும்முவதுபோல் சிரித்தார்கள்.

சின்னாச்சி ஒரு இலைத்துண்டில் ஒரு பிடி சோற்றை யன்னலுக்கு வெளியே வைத்தாள். காகங்கள் அடங்கின. பஞ்சலிங்கத்தார் நெற்றியைத் துடைத்துக்கொண்டு, கையில் இருந்த தாளை மடித்தார்.

"சபையோரே. ஒரு விஷயம். இந்தப் பெட்டி இரண்டு சனிக்கிழமை உருகினது. அது எங்கடை சமையல்கார அம்மாவின்ரை பிழையெண்டு நான் கதைச்சுக்கொண்டு திரிஞ்சனான். அது பிழை. மண்ணெண்ணெயோடை வேறை எண்ணெய் கலந்தால் என்ன நடக்குமெண்டு நான்... நானே ஒரு பரிசோதனை செய்தனான். பெட்டி உருகும் எண்டு நிரூபிக்கப்பட்டிருக்கு. பிழை முழுக்க என்னுடையது. சின்னாச்சி ஒரு குற்றமும் செய்யேல்லை."

சபை கை தட்டியது. விஞ்ஞானத்துக்காகத் தன் ஐஸையே தியாகம் செய்த மனிதருக்கு நீண்ட நேரம் கை தட்டியது.

அவர் பெட்டியைத் திறந்தார். தட்டை எடுத்தார். அதில் ஒரு பக்கம் இன்னும் தண்ணீர்தான். மற்றப் பக்கத்தில், கண்ணாடி வளையல் தடிப்பில், உள்ளங்கையளவு ஐஸ். அவர் அதை இரண்டு விரலால் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தார். முப்பது பேரும் வாயைத் திறந்தார்கள். அதன் ஊடாகப் பார்த்தால் சொற்பொழிவாளரின் மூக்கு நாலு மடங்கு பெரிதாகத் தெரிந்தது, அதைத் தவிர எல்லாம் சிறப்பாக நடந்தது.

கூட்டம் கலையும்போது சின்னாச்சி படலையடியில் இருந்த தகரப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்தாள். பஞ்சலிங்கத்தாரைத் தாண்டும்போது, நிற்காமல், மெதுவாகச் சொன்னாள். "மூண்டாவது சனியை யோசியாதையுங்கோ ஐயா. உங்கடை பேரிலை பொழுது பட முன்னம் கோயிலடியிலை நான் கொளுத்திப்போட்டு வாறன். நான் கொளுத்தினால் ஆரும் ஏனெண்டு கேட்கமாட்டினம்." பஞ்சலிங்கத்தார், முப்பது வருஷத்தில் முதல் தரமாக ஒரு வேலையாளிடமிருந்து தகரப் பெட்டியை வாங்கித் தானே குசினி வரைக்கும் சுமந்தார்.

கனகலிங்கம் குடையை விரித்தபோது ஒரு கை அவருடைய கோட்டைப் பிடித்தது. பிரக்கிராசி செல்வநாயகம். அவர் இடமும் வலமும் பார்த்தார். நீதிமன்றத்தில் ஆயிரம் சாட்சிகளை விழுங்கிய அந்தக் குரல் இப்போது கிசுகிசுத்தது.

"நீர் நாளைக்கு என்ரை வீட்டுக்கும் ஒருக்கா வாரும். என்ரை பெட்டியும் சனிக்கிழமைகளிலை கொஞ்சம்... ஒரு மாதிரி."

"எவ்வளவு விடுறனீங்கள் ஐயா?" என்றான் லியோன்.

பிரக்கிராசியார் கண்ணை மூடினார். "அரைப் போத்தல். எங்கடை பெட்டி ஐஞ்சரை அடியெல்லே."

"வீட்டிலை ஆரையேன் சந்தேகப்பட்டனீங்களோ?" என்றார் கனகலிங்கம்.

"சமையல்காரன். கனிசியஸ் எண்டு. போன சனிதான் கலைச்சுப்போட்டன்."

கனகலிங்கம் குடையை மடக்கினார். வெயிலில் அவர் குடையை மடக்கியதை லியோன் அன்றுதான் கண்டான். "முதலிலை ஆள் அனுப்பி அவனைக் கூட்டிக்கொண்டு வாங்கோ. அவன் குசினியிலை நிண்டு கோப்பி போட்டுத் தந்தால் நாங்கள் பெட்டியைப் பார்ப்பம்."

பிரக்கிராசியார் தலையைக் குனிந்துகொண்டு அவசரமாக நடந்தார். யன்னலில் இலையைத் துடைத்து முடித்த காகங்கள் இரண்டும் சொண்டை மதிலில் தீட்டின. பிறகு எழும்பி, அவர் போன திசையிலேயே, அவருக்கு முன்னால் பறந்தன.